பஸ்ஸிலிருந்து பார்த்தால் நடப்பவர்

டெப்போவில் அவரைச் சிம்மாசனம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் வேலை முடியும்வரை இறங்காத ஆள் என்பதால் வந்த பெயர். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது மற்ற ஓட்டுநர்கள் இறங்கிப்போய் டீ குடிப்பார்கள், சோம்பல் முறிப்பார்கள், டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார்கள். இவருக்கு டீ ஜன்னல் வழியாகவே வரும். அவருடைய வண்டியில் பல வருஷமாகக் கூட வருகிற கண்டக்டர் அம்மாதான் வாங்கிவந்து கொடுப்பாள்.

"ராஜா கீழ எறங்க மாட்டாரு, நாமதான் படியளக்கணும்" என்பாள்.

அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இறங்காததன் காரணம் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் டெப்போவில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவர் எதிரில் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

காரணம் அவருடைய வலது கால். சின்ன வயதில், லாரியில் ஏற்றியிருந்த மரக்கட்டைகளின் மேல் ஏறி விளையாடப் போய், கட்டை உருண்டு கால் உடைந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது. பிரேக் மிதிக்க அந்தக் காலில் ஒரு குறையும் கிடையாது. உரிமத்துக்காகச் சோதித்த டாக்டர் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். நடந்தால்தான் தெரியும். வலது கால் தரையைத் தொடும்போது தோள் சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பின்னால் நான்கைந்து பேர் வரிசையாக அதே மாதிரி நடந்து வருவார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள்.

அதிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார். எங்கே போனாலும் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார், எல்லோரும் போனபிறகு எழுந்திருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் மனைவியைச் சந்தித்தபோதெல்லாம்கூட அப்படித்தான். "உக்காந்தே என்னைய ஏமாத்திப்புட்டாரு" என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

பஸ் ஓட்டும் வேலை அவருக்கென்றே அளந்து தைத்த சட்டை மாதிரி அமைந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவர் நெஞ்சு நிமிர்ந்து இருப்பார். பயணிகள் வருவதற்கு முன்னால் வந்து ஏறிக்கொள்வார், கடைசி ஆள் இறங்கிப்போன பிறகு இறங்குவார். தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போகிற ஜவுளிக்கடைப் பெண்களும், ஆஸ்பத்திரி ஊழியர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அவருடைய முதுகையும் கண்ணாடியில் தெரியும் மீசையையும்தான் அறிவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவருக்குக் கால் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அவருக்கு ஒரே மகள். அவள் சிறுமியாக இருந்தபோது, பணிமனையில் யாரோ விற்க வைத்திருந்த பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து டிவியில் மாட்டினார். அந்தக் காலத்துக் கேம். ஆட்கள் எல்லாம் சதுரம் சதுரமாக இருப்பார்கள். மூக்குக்கு ஒரு சதுரம், கைக்கு இரண்டு, தொப்பிக்கு நான்கைந்து. மகளுக்கு வாங்கியது என்று பெயர், விளையாடியது இவர்தான். அதில் அவர் ஓடினார், பள்ளம் தாண்டினார், ஏணி ஏறினார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சொன்னாள்:

"அப்பா, இவன் நெஜமா நடக்கல. ரெண்டே படந்தான். கால விரிச்சு ஒண்ணு, சேத்து ஒண்ணு. மாத்தி மாத்திக் காட்றாங்க."

"அட, ஆமா" என்றார் அவர், பள்ளத்தில் விழுந்துகொண்டே.

பிற்காலத்தில் அவள் சிற்பம் படிக்கப் போனாள். களிமண்ணும் கையுமாக அவள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது கேட்டால் "டிசைன் வேலை" என்று சொல்லிவைப்பார். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. படித்து முடித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக வேலை செய்து, கடைசியில் நகரசபையிலிருந்து ஒரு பெரிய வேலை அவளுக்குக் கிடைத்தது. ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டிப் போகிற நீளமான சாலையில், மரங்களுக்கு அந்தப் பக்கம், வெறுமனே கிடக்கும் புல்தரையில் ஏதாவது செய்து வைக்க வேண்டும். அவருடைய பஸ் தினமும் போய்வருகிற சாலை அது.

என்ன செய்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. நடைபாதைக்குக் கல் வார்க்கிற ஒருவருடைய பட்டறையில் மாதக்கணக்காகக் கிடந்தாள். சின்னச் சின்னக் கனசதுரங்களாகக் காங்கிரீட்டில் வார்த்து, சாயம் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிற வேலை. பட்டறைக்காரருக்கு ஏக சந்தோஷம். "இத்தனை வருசமா எல்லாரும் மிதிக்கறதுக்குக் கல்லு வார்த்தேன். இப்பத்தான் நிமிந்து பாக்கறதுக்கு வார்க்கறேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாராம். மகள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வாய்க்கா ரோட்ல உங்க வண்டி என்ன வேகத்துலப்பா போகும்?"

"அது எப்பவும் ஒரே வேகந்தான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். தெறந்து வச்சதும் நீங்க உங்க வண்டியில இருந்துதான் பாக்கணும். நடந்து போயிப் பாக்கக்கூடாது."

நடந்து போகும் யோசனை அவருக்குச் சுத்தமாக இல்லை.

திறந்துவைத்த மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வண்டியை வாய்க்கால் சாலையில் திருப்பினார். மரங்களுக்குப் பின்னால் வரிசையாகச் சிலைகள் நின்றன. ஆள் உயரத்துக்கு மேல், எல்லாமே சதுரம் சதுரமாக, பழைய டிவியிலிருந்து பிடுங்கி நட்டதுபோல. காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள், கையில் சாப்பாட்டுப் பை. ஒரு சிலையில் கால்கள் விரிந்திருந்தன, அடுத்ததில் சேர்ந்திருந்தன. அவ்வளவுதான், இரண்டே மாதிரி. நின்று பார்த்தால் கல்லும் கம்பமுமாகத்தான் தெரியும். ஆனால் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தால், ஒரு மரம் மறைக்க, அடுத்த இடைவெளியில் அடுத்த சிலை தெரிய, மறுபடி மரம் மறைக்க, அந்த ஆள் நடக்க ஆரம்பித்தான். பஸ் கூடவே வாய்க்கால் கரையோரம் நடந்து வந்தான்.

பஸ்ஸுக்குள் ஒரே ஆரவாரம். அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு எல்லோரும் நகர்ந்தார்கள். அவர் சாலையைப் பார்த்தபடி கடைக்கண்ணால் பார்த்தார். பெருமையில் அவருக்குக் கழுத்தெல்லாம் சூடானது. என் பொண்ணு செஞ்சது என்று திரும்பிச் சொல்ல வாயெடுத்தார்.

அப்போது பள்ளிப் பிள்ளை ஒன்று சொன்னது: "டேய், அந்தாளு நொண்டுறான் பாரு."

கால் சேர்ந்திருந்த சிலைகளில் எல்லாம் வலது தோள் ஒரு சதுரம் இறங்கியிருந்தது. ஒரே ஒரு சதுரம். நடக்கும்போது தோள் சட்டென்று இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை, ஒரு பொம்மை நடக்கிற வேடிக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் எதற்கும் ஒரு கிண்டல் சொல்கிற கண்டக்டர் அம்மா அன்று ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் பையைத் திறந்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அதில்தான் அது தன் நடைதான் என்று அவருக்கு உறுதியானது.

அன்று முழுவதும் எத்தனை நடை ஓட்டினாரோ அத்தனை தடவையும் அந்த ஆள் கூடவே நடந்து வந்தான். மறுநாள் அவர் வேறு வழி பார்த்தார். வாய்க்கால் சாலை வந்ததும் வண்டியை ஆமை மாதிரி ஊரவிட்டார். மெதுவாகப் போனால் அது நடப்பதாகத் தெரியாது, வெறும் சிலையாகத்தான் தெரியும் என்று கணக்குப் போட்டார். அப்படியே ஆனது. ஆனால் ஆஸ்பத்திரி ஊழியர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

திரும்பி வரும்போது வேகமாக ஓட்டிப் பார்த்தார். அது இன்னும் மோசம். அந்த ஆள் தோளை ஆட்டி ஆட்டி ஓட ஆரம்பித்தான். பின்னால் கைதட்டலே கேட்டது. கண்டக்டர் அம்மா முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எப்பவும் போறமாதிரி போங்கண்ணே. ஒங்க வேகத்துல போனாத்தான் அது நல்லா நடக்குது."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவருக்கு முதுகில் தேள் ஊர்வதுபோல இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"என்னைய பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்னா. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. நல்லாத்தான இருக்கு? அப்டியே நீங்கதான்."

"அதத்தான் கேக்கறேன். ஊரு பூரா பாக்கறதுக்கு எதுக்கு அப்டியே நான்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, எப்டிப்பா இருக்கு? நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"நல்லாருக்கும்மா. ரோட்டப் பாக்கணும்ல, சரியாப் பாக்க முடியல" என்றார். சட்டையைக் கழற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் தன் காலைப் பற்றித் தன் மகளிடம் பேச வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அதற்குப் பதிலாக அவர் டெப்போ மேனேஜரிடம் போனார்.

"சார், வாய்க்கா ரோட்ல அந்தச் செலைங்க வச்சதுலருந்து வண்டி ஓட்றது கஷ்டமா இருக்கு. சனங்க எல்லாம் ஒரே பக்கமாச் சாயறாங்க. நம்ம கவனமும் செதறுது. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் சிம்மாசனம் ஒரு புகார் சொன்னதில்லை. ஒரு விபத்தும் செய்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் சொன்னால் விஷயம் இருக்கும்.

"ஒங்க பொண்ணு செஞ்சதுன்னு கேள்விப்பட்டேனே" என்றார் மேனேஜர்.

"யாரு செஞ்சா என்ன சார்? ஆபத்து ஆபத்துதான். எம்பேரு மட்டும் வேணாம்."

மேனேஜருக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. சொந்த மகள் என்றுகூடப் பார்க்காமல் கடமையைச் செய்கிறாரே என்று. அந்த மரியாதையை இவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து, மேனேஜர் வேறு பக்கம் பார்க்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, பிறகு வெளியே வந்தார்.

நகரசபை உடனே வேலை செய்தது. விசாரித்து முடிவெடுக்கும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று எல்லாச் சிலைகளுக்கும் சாக்கு போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். மறுநாள் அவர் வண்டியைத் திருப்பியபோது மரங்களுக்கு நடுவே தலை முதல் கால்வரை மூடிக் கட்டிய உருவங்கள் வரிசையாக நின்றன. பிணவறைக்கு வெளியே காத்திருப்பவை மாதிரி இருந்தன. பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைப் பெண் ஒருத்தி, "ஏன் மூடிட்டாங்களாம்? காலையில அதப் பாத்துட்டுப் போனா நல்லா இருந்துச்சு" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"யாரோ புகார் குடுத்துட்டாங்களாம்" என்றாள் கண்டக்டர் அம்மா. சொல்லும்போது ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அழவில்லை. தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு டிரைவர்தான் சொல்லிருக்காராம்ப்பா. எனக்குக் கோவம் வரல. டிரைவர் சொன்னா அதுல ஏதாவது இருக்கும்ல? நான் வேகத்த மட்டும் கணக்குப் பண்ணேன். ஓட்றவங்க கண்ணு எங்க போகும்னு யோசிக்கவே இல்ல. ஒரு டிரைவரோட பொண்ணா இருந்துக்கிட்டு."

அவர் தண்ணீர் குடித்தார்.

"கூட்டம் போடறாங்க. நீங்க வர்றீங்களாப்பா? ஒங்க ரூட்டுதான. ஆபத்துன்னா ஆபத்துன்னே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எடுத்துடறேன்."

"வரேம்மா" என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நகரசபைக் கூடத்தில் கூட்டம் ஒரு மதிய வேளையில் நடந்தது. அவர் சீக்கிரமே போய்க் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். மகள் முன்வரிசையில் இருந்தாள், பக்கத்தில் பட்டறைக்காரர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. பஸ் பயணிகளில் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்ணும் இருந்தாள். கண்டக்டர் அம்மா எழுந்து, தன் வண்டியில் ஒருவருக்கும் ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை என்றாள். பட்டறைக்காரர் கல்லின் உறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கல் ஆடும் என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. தலைவர் அவரை மெல்ல உட்கார வைத்தார்.

பிறகு டெப்போ மேனேஜர் எழுந்தார். நல்ல மனுஷர். கெடுதல் செய்ய வேண்டும் என்று அவர் செய்யவில்லை. ஒரு நேர்மையான ஊழியருக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்றுதான் செய்தார்.

"பேர் சொல்ல வேண்டாம்னு அவர் கேட்டுக்கிட்டாரு. ஆனா இப்படிப்பட்டவர் பேர மறைக்கறது சரியில்ல. இந்தச் சிலையச் செஞ்சதே அவரோட மக. அப்படியிருந்தும் பயணிங்க பாதுகாப்புதான் முக்கியம்னு எங்கிட்ட வந்து சொன்னாரு. இங்கதான் இருக்காரு. அவரே வந்து சொல்லட்டும்."

கூடம் முழுவதும் திரும்பியது. மகள் கடைசியாகத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கூட்டலில் எங்கோ பிசகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிறேன் என்கிற முகம்.

மைக் முன்னால் இருந்தது. அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசிவிடலாமா என்று பார்த்தார். "முன்னாடி வாங்க" என்று தலைவர் கையசைத்தார். நாற்காலிகளுக்கு நடுவே நீளமாக ஒரு பாதை. அவர் நடந்தார்.

முதலில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. பாதிப் பாதை கடந்தபோது பின்னால் ஒரு குழந்தை ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். பக்கவாட்டில் ஜவுளிக்கடைப் பெண் தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தோள் இறங்கியது, ஏறியது. மொத்தக் கூடத்துக்கும் அந்த நடை தெரியும். சாக்கு போடும்வரை தினமும் ஜன்னலில் பார்த்த நடைதான். செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. யாராவது சிரித்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் காது மடல்கள் எரிந்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாதை முடிவதாக இல்லை.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னது நான்தான். கவனம் செதறுதுன்னு சொன்னேன். அது பொய்யி. எனக்கும் செதறல, யாருக்கும் செதறல. சனங்க பாத்துச் சிரிச்சாங்க. அது எப்டின்னு... நீங்களே இப்பப் பாத்தீங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதச் சொல்ல வாய் வராம இதச் சொல்லிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

மகளைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றார். மேனேஜர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

சிலைகளை எடுக்க வேண்டியதில்லை என்று முடிவானது. அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டம் கலைந்தது. எல்லோரும் போகட்டும் என்று அவரால் காத்திருக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லோரும் அவர் முதலில் போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

வெளியே வாசற்படிக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். அவர் வேகத்துக்கு அவள் நடந்தாள், எப்போதும் போல. முதலில் அவள்தான் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"நீ எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீங்க."

"ஆமா."

"அதான் கேக்கல." பிறகு தானாகவே சொன்னாள்: "அது தப்புதான்."

"நான் செஞ்சதுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல" என்றார் அவர்.

"எனக்கு அது நொண்டறதாவே தெரியலப்பா. பால்கனியில நின்னு பாக்கறப்ப, தெருக்கோடியில யாரு யாரோ வருவாங்க. தோளு எறங்கி ஏறுறது தெரிஞ்சா அது நீங்க. கதவத் தெறக்க ஓடுவேன். எனக்கு அது அவ்வளவுதான்."

"ஒனக்கு அது அவ்வளவுதான். எனக்கு அது காலும்மா."

அவள் தலையாட்டினாள். ஒரு கடை வாசலில் நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தோள்ல ஒரு சதுரந்தான். பட்டறைக்காரர் ஒரே நாள்ல ஏத்திக் குடுத்துருவாரு. ஏத்திடவா?"

ஏற்றிவிடு என்று சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் மகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் தெரிந்தது. இரண்டில் எதைச் சொன்னாலும் இன்னொரு பொய் ஆகிவிடும் போலிருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

பொய்ப் புகாருக்காக மேனேஜர் அவரை வண்டியிலிருந்து இறக்கி, கொஞ்ச காலம் டெப்போ முற்றத்தில் போட்டார். வெளியே போகிற வண்டிகளின் விளக்கையும் டயரையும் கதவையும் சரிபார்த்து அனுப்புகிற வேலை. நாள் முழுக்க நடக்கிற வேலை. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, எல்லோர் கண் முன்னாலும். முதல் சில நாள் அவர் ஓரமாக, வண்டிகளின் மறைவிலேயே நடந்தார். அப்படி மறைந்து நடந்தால் தூரம் இரண்டு மடங்கானது. பிறகு கால் வலி தாங்காமல், குறுக்கே நேராக நடக்க ஆரம்பித்தார். முற்றத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வண்டி. அதைக் கண்டு அவருக்கு நிம்மதியாக இல்லை. இத்தனை வருஷம் எதற்காக அந்த இருக்கையிலேயே சிறைப்பட்டுக் கிடந்தோம் என்று ஒரு கூச்சம்தான் வந்தது.

அவர் மறுபடி வண்டி ஏறியபோது சாக்குகளை எப்போதோ அவிழ்த்தாகிவிட்டது. வாய்க்கால் சாலையில் எப்போதும் போகிற வேகத்திலேயே போனார். அந்த ஆளும் கூடவே நடந்து வந்தான். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், பெரியவர்கள் சிலர் அவர்களை அதட்டினார்கள். அதட்டல்தான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. "விடுங்க, சிரிக்கட்டும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கடைசி நிறுத்தத்தில் இறங்கிப்போய் டீயை அவரே வாங்கிக் குடித்தார். டெப்போவில் பெயர் மட்டும் மாறவில்லை. இறங்கி நடக்கிற சிம்மாசனத்தைப் பார்த்ததில்லையே என்று கண்டக்டர் அம்மா சொன்னபோது, பழைய கிண்டல் திரும்பியதில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. மகளும் மறுபடி கேட்கவில்லை. அந்தச் சதுரம் இறங்கியபடியே இருந்தது. அதைப் பார்த்து அவர் பழகிவிட்டார் என்று சொல்ல முடியாது. காலைப் பற்றிய வெட்கம் தேய்ந்து தேய்ந்து, ஒரு நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவதாக ஆகிவிட்டது. ஆனால் வாய்க்கால் சாலையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம், கண்ணுக்குச் சிலை தெரிவதற்கு முன்னால் ஒரு கணம் சாக்குதான் தெரியும். மகளுடைய உழைப்பை மூட்டை மாதிரி கட்டி நிற்கவைத்தது தன் வாய்தான் என்கிற நினைப்பு வரும். அது தேயவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு பூங்காவில் புதிய வேலை கிடைத்திருந்தது.

"அப்பா, இந்தத் தடவ அம்மாவச் செய்யலாம்னு இருக்கேன். இடுப்புல கை வச்சு நிப்பாங்கள்ல, அந்த மாதிரி. அம்மாகிட்ட கேக்கணும். போனக் குடுங்க."

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார். உள்ளே மனைவி விவரமாக விசாரித்துக்கொண்டிருப்பது கேட்டது. எத்தனை உயரம், எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, மழையில் சாயம் போகுமா.

"செய்யி, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் கடைசியில். "ஆனா இடுப்புல ரெண்டு சதுரம் கொறச்சு வையி. ஒங்கப்பா மாதிரி நான் கூட்டத்துல போயிச் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

போனில் மகள் சிரிப்பது அவர் நின்ற இடம்வரை கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது. காது மடல்களும் சுட்டன. இரண்டும் ஓயட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்துவிட்டு, உள்ளே போனார்.